கழியூரில் ஒரு தலை குறைந்தது

1

நேற்று மாலை தீ அணைந்தது.

மதுரையில் இருக்கிற உங்களுக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாது. அடுப்பு அணைந்ததுபோல் எடுத்துக்கொள்வீர்கள். நாங்கள் இந்த நைஜீரியாவுக்கு வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அணையாத தீ அது. பூமியிலிருந்து எண்ணெய் வரும்போது வாயுவும் கூடவே வருகிறது. அதைப் பிடித்து வைக்கச் செலவாகும் என்று ஒரு குழாய் வழியாக வெளியே விட்டுக் கொளுத்திவிட்டிருக்கிறார்கள். கம்பெனி வேலிக்குள், தென்னை உயரத்துக்கு, இரவும் பகலும் எரிகிறது. அதன் ஓசை தூரத்தில் பெருமழை வருகிற இரைச்சலைப் போல இருக்கும். ஆனால் அந்த மழை வந்து சேர்வதே இல்லை.

இந்த ஊரில் எல்லோருக்கும் இரண்டு நிழல். ஒன்று நிலாவோ அரிக்கேன் விளக்கோ தருவது. மற்றது தீ தருவது. முதல் நிழல் நாம் நின்றால் நிற்கும். இரண்டாவது நாம் நின்றாலும் நிற்காது, தரையில் கிடந்து ஆடிக்கொண்டே இருக்கும். வந்த புதிதில் அதைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன். பிறகு பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. மனிதன் எதற்கும் பழகிவிடுகிறான் என்பது எனக்கு எப்போதுமே கவலை தருகிற விஷயம்.

நேற்று முதலில் ஓசைதான் நின்றது. சமையலறையிலிருந்து என் மனைவி பஞ்சவர்ணம் கேட்டாள்.

"என்னங்க, எனக்குத்தான் காது அடச்சுப்போச்சா?"

"எனக்கும்தான் அடைச்சிருக்கு."

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலயா அடைக்கும்?"

பிறகு வெளிச்சம் போனது. கம்பெனியில் குழாயைப் பழுதுபார்க்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. இங்கே பிறந்து இங்கேயே வளர்கிற சின்னப் பிள்ளைகள் இருட்டைப் பார்த்ததே இல்லை. அவர்கள் வீரிட்டு அழுதார்கள். கோழிகள் ஒரேயடியாக அடங்கின. தலைக்கு மேலே பார்த்தால் வானம் முழுக்க நட்சத்திரம். எண்ண ஆரம்பித்து, முடியாது என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஊரின் மேல்கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாகக் குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதை எழுதத்தான் இன்று காலை உட்கார்ந்தேன். முன்னால் நடந்ததைச் சொல்லாமல் அதை எழுதினால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பீர்கள். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

2

மதுரையில் மிஷன் பள்ளியொன்றில் கணக்கு வாத்தியாராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, எழுபதுகளின் கடைசியில் இங்கே வந்தேன். ஒரே மகள் செல்வி தாமதமாகப் பிறந்தவள். அவளைப் படிக்க வைக்க ஓய்வூதியம் காணாது. இங்கே கணக்கு வாத்தியார்களைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கிடைத்த பள்ளி கடலோரச் சதுப்பில், ஓர் உப்பங்கழியின் கரையில் இருக்கிறது. ஊர்ப் பெயர் உங்கள் நாவில் நிற்காது. நான் கழியூர் என்றே எழுதுகிறேன். எங்கள் வாத்தியார் வீட்டைச் சேர்க்காமல் முப்பத்தெட்டு வீடுகள், கழியை ஒட்டி ஒரே வரிசை. கடைசி வீட்டுக்கு அப்பால் படகுத்துறை. அதற்கப்பால் தண்ணீர். தண்ணீரின்மேல் எப்போதும் ஒரு பளபளப்பு, மயிலின் கழுத்து நிறத்தில். வந்த அன்று அழகாக இருக்கிறது என்றேன். பஞ்சவர்ணம் ஒரு குடம் மொண்டு வந்து மோந்து பார்த்துவிட்டு, "இதுல வெளக்கு எரிக்கலாம், சோறு ஆக்க முடியாது" என்றாள். போன மாதம்வரை மழைத் தண்ணீரைத்தான் குடித்தோம். அந்த மழையிலும் கரி இருக்கிறது. தகரக் கூரைகள் சீக்கிரமே அரித்துச் சல்லடை ஆகிவிடுகின்றன.

ஊருக்கு அடியிலிருந்து எண்ணெய் போகிறது. ஊருக்குள் மின்சாரம் இல்லை. விளக்குக்குச் சீமெண்ணெய் வாங்கப் பெண்கள் படகேறி அக்கரை டவுனுக்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள். ஒருநாள் நானும் டின்னோடு அந்த வரிசையில் நின்றேன். சிம்மக்கல்லில் ரேஷன் அட்டையோடு நின்ற வரிசை நினைவுக்கு வந்தது. அங்கே எனக்கு முன்னால் நின்ற ஒருவர், "அரபு நாட்டுக்காரன் வெலைய ஏத்திட்டான், அதான் நமக்கு எண்ணெய் இல்ல சார்" என்று விளக்கினார். எண்ணெய் இருக்கிற இடத்துக்கே வந்துவிட்டேன். வரிசை மாறவில்லை.

எங்கள் அழகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். பெரியாறு வாய்க்காலில் தலைமடைக்காரன் வயல் நிறைந்த பிறகுதான் கடைமடைக்காரனுக்குத் தண்ணீர். இங்கே தலைமடைக்காரன் வயல்தான் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் அவன் தலைக்கு மேலே குழாயில் போய்விடுகிறது.

செல்வி வந்தபோது பத்து வயது. இப்போது பதினாறு. அவளிடமிருந்து தமிழ் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. "செல்வி, எங்கடி இருக்க?" என்று அம்மா கூப்பிட்டால், "ஐ டே" என்று உள்ளேயிருந்து குரல் வரும். இங்கத்திய உடைந்த ஆங்கிலத்தில் அதற்கு "இருக்கேன்" என்று பொருள். நலமா என்று கேட்டாலும் அதுதான் பதில், வருகைப் பதிவுக்கும் அதுதான் பதில். மூன்றாம் மனிதருக்கு "ஈ டே". இருக்கான், இருக்கா, எல்லாம் அதில் அடக்கம்.

3

போன வருஷம் விடுமுறையில் மதுரை வந்தோம். ஆனையூரில் என் மைத்துனன் வீட்டில் தங்கினோம். முதல் நாளே மின்வெட்டு. செல்வி எழுந்து வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள். தெருமுனையில் யாரோ பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். அவள் காலடியைக் குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, எனக்கு ஒரு நெழல்தான் இருக்கு."

"எல்லாருக்கும் ஒண்ணுதான்டா இருக்கும்."

"அப்ப இன்னொண்ணு அங்கேயே நின்னுருச்சா?"

மைத்துனன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனேன். உயிரோடு இருப்பதற்கான சான்று வருஷம்தோறும் தர வேண்டும். முந்தின வருஷத்துச் சான்று வரவில்லை என்று பணத்தை நிறுத்தியிருந்தார்கள்.

"இந்த வருசம் உயிரோட இருக்கேன்னா, போன வருசமும் இருந்திருக்கணும்ல தம்பி?"

"எனக்குத் தெரியுது சார். ஃபைலுக்குத் தெரியணும்ல?"

இதை வீட்டில் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டேன். அந்த வாரமே எங்கள் ஊரில் கிடாவெட்டு. அழகர்கோவில் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிற ஊர் எங்களது. சித்தப்பா மகன் பாண்டி வந்து கூட்டிப்போனான். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன், வாய்த் துடுக்கு உண்டு.

எங்கள் ஊர் வழக்கம் நகரத்து வாசகர்களுக்குத் தெரிந்திருக்காது. கண்மாய்க் கரையில் இருக்கும் காவல் தெய்வத்துக்குக் கிடா வெட்டி, கறியைப் பனையோலையில் கூறு கூறாக வைப்பார்கள். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஒரு கூறு. ஊரை விட்டுப் போனவனுக்கும் கூறு உண்டு. ஆனால் அம்பலம் பெயரைக் கூப்பிடும்போது அவனுக்காக யாராவது ஒருவர் "இருக்கான்" என்று சொல்ல வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் குரல் வராவிட்டால் அந்தப் புள்ளி போயிற்று. அதற்குப் பிறகு அவன் அந்த ஊர்க்காரன் இல்லை. அம்பலம் என்பது எங்கள் பக்கத்தில் ஊர்ப் பெரியவர்.

"அண்ணே, ஒங்க பேரக் கூப்புட்டா இருக்கேன்னு சொல்லுங்க. பள்ளிக்கூடத்து ஞாபகத்துல கையத் தூக்கி உள்ளேன் ஐயான்னு சொல்லிறாதீக, ஊரே சிரிச்சுப்புடும்" என்றான் பாண்டி.

"இம்புட்டு வருசம் எனக்கு யாருடா சொன்னது?"

"எனக்கென்ன தெரியும்? பெரியண்ணன் மகன் சொல்றான்னு நெனச்சேன்."

பெரியண்ணன் மகனைக் கேட்டேன். "பாண்டிச் சித்தப்பாதானே சொல்றாரு?" என்றான். என் வகையறாவில் உயிரோடு இருக்கும் ஏழு ஆண்களையும் கேட்டேன். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள். கூறு மட்டும் தவறாமல் வந்திருக்கிறது. பங்குபோட்டுத் தின்றும் இருக்கிறார்கள்.

சாயங்கால வெயில் கண்மாயின் காய்ந்த சேற்றில் விழுந்துகொண்டிருந்தது. அம்பலம் கூப்பிட்டார். "பெரியழகு மகன் அழகர்சாமி!"

என் பெயர். வாயைத் திறந்தேன். தொண்டையில் சளி கட்டியிருந்தது. கனைத்துச் சரிசெய்வதற்குள் குரல் வந்துவிட்டது.

"இருக்கான்."

அம்பலம் நிமிரவே இல்லை. கூறைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தான். "யாருண்ணே சொன்னது?" என்றான். குரல் கண்மாய்ப் பக்கமிருந்து வந்தது. அங்கே ஆள் இல்லை. வெடித்த சேறும் ஒரு கொக்கும்தான்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. ஊர்ச் சபையில் என்னை அவன் இவன் என்று சொல்லும் மூப்புள்ள யாரும், என் அப்பா உட்பட, என் வகையறாவில் உயிரோடு இல்லை.

அந்தக் கறியை என்னால் சாப்பிட முடியவில்லை. பாண்டி எடுத்துக்கொண்டான். "தலைக்கறி இல்லைன்னு கோவமா?" என்று கேலி பேசினான். ஆனாலும் அவனும் அன்றைக்குக் கண்மாய்ப் பக்கம் கை கழுவப் போகவில்லை.

4

திரும்பி வந்தபோது கழியூர் பரபரப்பாக இருந்தது. எண்ணெய் வருமானத்தைப் பங்கிடுகிற சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். எண்ணெய் எடுக்கப்படும் பகுதிகளுக்கென்று ஒரு சிறு பங்கு தனியாக ஒதுக்கப்படும். அந்தப் பங்கு இந்தக் கழியோரத்துக்கு வந்து சேர்ந்தால் தண்ணீர்த் தொட்டி கட்டலாம், ஆழ்குழாய் போடலாம், ஒரு மருத்துவச்சியை நிரந்தரமாக வைக்கலாம். படகில் ஓர் அதிகாரி வந்து விளக்கினார். முந்நூறு தலையாவது இருந்தால்தான் தனி ஊர். குறைந்தால் பங்கு அக்கரை டவுனோடு சேர்ந்துவிடும். அங்கே சேர்ந்தால் தொட்டியும் அங்கேதான் நிற்கும் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் எபியெரே என் வீட்டு வாசலுக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடைசி வீடு அவளுடையது, படகுத்துறையை ஒட்டி. மரவள்ளியைச் சீவி அந்தத் தீயின் வெக்கையில் காயவைத்து விற்கிறாள். ஊர்ப் பெண்கள் அவள் சொல்வதைக் கேட்பார்கள். அவள் பேசுவது உடைந்த ஆங்கிலம். ஆனால் ஆறு வருஷமாகக் கேட்டதில் அது என் காதில் எங்கள் பக்கத்துப் பேச்சாகவே விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

"டீச்சர், நீதான் எதப் பாத்தாலும் எண்ணுவியே. எங்க ஊர எண்ணிக் குடு."

"பிள்ளைகளை எண்ணினதுக்கே அன்னைக்கு அந்தப் பாடு பட்டேன்."

அவள் சிரித்தாள். வந்த புதிதில் நான் வகுப்பில் விரலை நீட்டிப் பிள்ளைகளை எண்ணினேன். பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டார்கள். மனிதரை விரல் நீட்டி எண்ணினால் எண்ணப்பட்டவர்களில் ஒருவர் குறைவார் என்பது இங்கத்திய நம்பிக்கை. ஆகவே இவர்கள் வேறு விதமாக எண்ணுகிறார்கள். கழி நத்தையின் கருப்பு ஓடு ஊரெங்கும் குவிந்து கிடக்கும். ஆளுக்கு ஓர் ஓட்டை எனாமல் பேசினில் போட்டு, "ஐ டே" என்று சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய் போடுவாள். வெளியூர் போனவனுக்கு வீட்டார் ஒருவர் போட்டு, "ஈ டே" என்பார். பிறகு ஓடுகளை எண்ணலாம். ஓடு குறைந்தால் யாருக்கும் கேடில்லை.

ஒத்திகையாக ஒருநாள் எண்ணிப் பார்த்தோம். எங்கள் மூவரையும் சேர்க்க ஊர் ஆசைப்பட்டது. வெளிநாட்டவர் சேராது என்று அதிகாரி சொல்லியிருந்தார். இருக்கிற ஊரில் நான் கணக்கில் இல்லை, இல்லாத ஊரில் இருக்கிறேன் என்று பஞ்சவர்ணத்திடம் சொல்லிப் புலம்பினேன். "கூறு வாங்கணும்னா அங்க போங்க, தண்ணி குடிக்கணும்னா இங்க இருங்க" என்றாள்.

மூன்று தரம் எண்ணினேன். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் எபியெரேயின் வலக் கையைப் பார்த்தார்கள். அது மூடியிருந்தது. தனக்கு ஓர் ஓடு போட்டாள். இன்னோர் ஓட்டைக் கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரு மகன், டிமி. என்னிடம் இரண்டு வருஷம் படித்தவன். பதினாறாம் வாய்ப்பாட்டில் எப்போதும் ஒரே இடத்தில் தடுக்கி நின்று, தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். மீசை முளைத்ததும் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் ஏற்றிப்போகும் படகில் வேலைக்குப் போனான். படகு திரும்பியது, அவன் திரும்பவில்லை. துறைமுகத்தில் இறங்கிப் போய்விட்டான் என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். உடல் கிடைக்காததால் சாவு மேளமும் அடிக்கவில்லை. நான்கு வருஷமாக அவன் எந்தப் பக்கத்திலும் இல்லாமல் இருக்கிறான்.

"ஒரே ஒரு ஓடு. நீ போட்டா முந்நூறு" என்றேன்.

"அவன் இருக்கானா டீச்சர்? ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. செத்தவனுக்கு இருக்கான்னு சொல்லிட்டா, சொன்னவ வாய் பொய்யாகக் கூடாதுன்னு அவன் வந்து நிப்பான். வந்தவனுக்குத் திரும்பிப் போக வழி தெரியாது. பேரு கூப்புடுற எடத்துல எல்லாம் வந்து நின்னுக்கிட்டே கெடப்பான். தண்ணித் தொட்டிக்காக எம் புள்ளய அப்பிடி நிக்க வைக்கவா?"

கண்மாய்க் கரை எனக்கு நினைவு வந்தது. முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்டதுபோல் இருந்தது.

5

அதிகாரி சொன்ன நாளில் வந்தார். நல்ல மனிதர், வயது குறைவு, மரியாதை தெரிந்தவர். கூடவே அக்கரை டவுனிலிருந்து ஒரு பிரதிநிதி வந்தார். குண்டான ஆள், குடையை மடக்காமலே பள்ளி மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பட்டப்பகல். தீயின் இரைச்சல் வழக்கம்போல.

பேசினை நடுவில் வைத்தோம். ஓடு போட்டு எண்ணுவதை அதிகாரி ஒப்புக்கொண்டார். வெளியூர் போனவர்களுக்கும் வீட்டார் சாட்சி சொன்னால் சரி என்றார். "செத்தவங்களச் சேக்கக் கூடாது, அம்புட்டுதான்" என்று சிரித்தார். ஊர் சிரிக்கவில்லை.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஐ டே, ணங். ஐ டே, ணங். கைக்குழந்தைகள், கிழவர்கள், நகரத்தில் வேலை பார்க்கும் மகன்கள், கட்டிக்கொடுத்துத் திரும்பி வந்த மகள்கள். நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். கடைசியாக எபியெரே தனக்கு ஓர் ஓடு போட்டாள்.

"முடிஞ்சுதா டீச்சர்?" என்றார் அதிகாரி.

"எண்ணணும்."

எண்ணினேன். அவரும் எண்ணினார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

"ஒண்ணுதான் கொறையுது. நான் என்ன செய்ய? விதின்னு ஒண்ணு இருக்கே."

குடைக்காரர் எழுந்து நின்றார். "வருத்தப்படாதீங்க. எங்களோட சேந்துக்கங்க. எங்க தொட்டியில தண்ணி மொண்டுக்கறதுக்கு யார் தடுக்கப் போறா?" என்றார்.

"படகுக் கூலி நீ குடுப்பியா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கொடத்தத் தலையில வச்சு நீந்தி வா" என்று இன்னொருத்தி அவர் குரலிலேயே பழித்துக் காட்டினாள். பிறகு அதே பெண் எபியெரேயைப் பார்த்துக் கத்தினாள். "போடுடி! எம் பேத்திக்கு வயித்துல போற தண்ணிடி அது. போடு!"

ஊரே கத்தியது. எபியெரே அசையவில்லை. மூடிய கையை மார்போடு அழுத்திக்கொண்டு நின்றாள். முகத்தில் வியர்வை வழிந்தது. வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். போடப் போகிறாள் என்று நினைத்தேன். போட்டுவிட வேண்டும் என்று வேண்டினேன். போட்டுவிடக் கூடாதே என்றும் பயந்தேன்.

அப்போது யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஐ டே."

ணங்.

கூட்டம் சட்டென்று அடங்கியது. அதிகாரி பேசினைச் சாய்த்து மறுபடி எண்ணினார். குடைக்காரர் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, உதடு அசைய, கூடவே எண்ணினார். முந்நூறு. மறுபடியும் எண்ணச் சொன்னார். முந்நூறு.

"யாரு போட்டது?" என்றார் குடைக்காரர்.

அவர் எபியெரேயிடம் போய்க் கையைக் காட்டச் சொன்னார். அவள் விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கையில் ஓடு அப்படியே இருந்தது. அழுத்திப் பிடித்ததில் அதன் சுழி தோலில் பதிந்திருந்தது.

அதிகாரி அந்த ஓட்டை வெகுநேரம் பார்த்தார். அவரும் கழியோரத்தில் பிறந்தவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். பேனாவை எடுத்து முந்நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொடுத்த இளநீரைக்கூடக் குடிக்காமல் படகுக்குப் போய்விட்டார்.

பேசினில் கடைசியாக விழுந்த ஓட்டை நான் தனியாக எடுத்துப் பார்த்தேன். அது மட்டும் நனைந்திருந்தது.

அன்று சாப்பிடும்போது பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். "அந்தச் செருமல எனக்குத் தெரியும். பதினாறாம் வாய்ப்பாடு."

"தெரியும்னா வாய மூடிக்கிட்டுச் சாப்புடுங்க. கணக்கு சரியா வந்துருச்சுல்ல? அத இன்னொரு தரம் எண்ணாதீங்க."

6

தொட்டி எழும்பிவிட்டது. நான்கு கால்கள், மேலே சிமெண்டுப் பானை போல ஒன்று. போன மாதம் முதல் தண்ணீர் வந்தது. பஞ்சவர்ணம் மோந்து பார்த்துவிட்டு அரிசி களைந்தாள். மருத்துவச்சி இன்னும் வரவில்லை. எழுதிப் போட்டிருக்கிறோம், நினைவூட்டி மறுபடியும் எழுதுவோம். எண்ணெயின் அளவைப் பார்த்தால் வந்தது சொட்டுதான். ஆனால் கடைமடைக்காரன் மகன் நான், சொட்டுத் தண்ணீரைக் குறைவாகப் பேச மாட்டேன்.

எபியெரே மட்டும் மெலிந்துகொண்டே வந்தாள். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் பக்கத்து வீட்டில் பிள்ளையைக் கூப்பிட்டாலும் அவள் வாசலில் பலகை கிரீச்சிடுமாம், யாரோ எடை மாற்றி நிற்பது போல. அவள் சொன்னது இது. நான் கேட்டதில்லை.

நேற்று தீ அணைந்தது. இருட்டில் வீட்டுக்கு ஒரு குரல் கொடுப்பது இங்கே பழைய வழக்கமாம். தீ வந்த பிறகு இருட்டே இல்லாததால் பல வருஷமாக யாரும் கொடுக்கவில்லை. மேல்கோடியில் ஒரு கிழவர் தொடங்கினார். "ஐ டே." அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. முகம் தெரியவில்லை. குரல்கள் மட்டும் கழிக்கரை ஓரமாக என்னை நோக்கி வந்து, என்னைக் கடந்து, படகுத்துறைப் பக்கம் போயின. நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டாவது குரல் எபியெரேயுடையது. அத்தோடு முடிய வேண்டும்.

துறைக்கு அப்பாலிருந்து, தண்ணீர் இருக்கிற இடத்திலிருந்து, ஒரு செருமல் கேட்டது.

"ஐ டே."

என்னை அறியாமல் நானே சொல்லிவிட்டேனோ என்று யோசித்தேன். இல்லை. என் வாய் மூடியிருந்தது. செல்வி என் கையைப் பிடித்தாள்.

எபியெரே பேசினாள். கத்தவில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் பேசுகிற குரல்.

"கேட்டுச்சுய்யா. எண்ணியாச்சு, தொட்டியும் வந்துருச்சு. இனிமே யாரு கூப்புட்டாலும் ஒனக்கு நான் சொல்லிக்கிறேன். நீ நிக்க வேணாம். போ."

தண்ணீரில் சின்னதாக ஏதோ விழுந்த சத்தம். நத்தை ஓடு அவ்வளவு சத்தம்தான் போடும்.

அதற்கு மேல் அங்கிருந்து குரல் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தீ மறுபடி பற்றியது, இரைச்சல் வந்தது, எல்லோருக்கும் இரண்டாவது நிழல் வந்தது. இன்று காலை எபியெரே துறையில் உட்கார்ந்து மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள். நன்றாகத் தூங்கினேன் என்றாள். அவள் வீட்டில் இன்று சாவு மேளம் அடிக்கிறார்கள். எழுதும்போதே கேட்கிறது.

இனி நான் சொல்ல வேண்டியது ஒருவனுக்கு மட்டும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாண்டி, இதை யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார்கள். அடுத்த கிடாவெட்டுக்கு நான் வர முடியாது. நீ முன்னாலேயே போய், கண்மாய்க்கு முதுகைக் காட்டாமல் நில். அம்பலம் பெரியழகு மகன் என்று தொடங்கும்போதே, என் பெயர் முழுதாக வருவதற்குள், உரக்கச் சொல்லிவிடு. இருக்காருன்னு சொல்லு, இருக்கான்னு சொல்லு, உன் இஷ்டம். கேலி செய்தாலும் சரி. வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் சொல்லு. சொல்லிவிட்டுக் கண்மாய்ப் பக்கம் பார்த்து, இனி நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க பெரியப்பா என்று ஒரு வார்த்தை மெதுவாகச் சொல்லு. கறியை நீயே வைத்துக்கொள்.

இத்தனை வருஷம் எனக்காக நின்றிருக்கிறார். கால் கடுத்துப் போயிருக்கும்.